1954ஆ, 1955ஆ? ஒரு நாடக மன்றத்தின் பிறந்த நாள்

கேள்வி: என் தாத்தா முதல் காரியதரிசியாக இருந்த நாடக மன்றத்துக்கு வரும் தை மாதம் விழா எடுக்கிறோம். விழா மலரில் மன்றத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. தொடங்கியது 1954 என்கிறார் பெரியப்பா. எழுபதுகளில் பிரிந்துபோன கோஷ்டிக்காரர்கள் 1955 என்கிறார்கள். அந்தப் பிரிவைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளே வந்து மன்றத்தைத் தொடங்கிவைத்தார் என்று எழுதவும் சொல்கிறார். என் கையில் இருப்பது தாத்தாவின் தகரப் பெட்டி மட்டும்: கொஞ்சம் நோட்டீஸ்கள், ஒரு கணக்கு நோட்டு, பத்துப் பதினைந்து போட்டோக்கள். எங்கே ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

பெட்டியில் ஆரம்பியுங்கள். பெரியப்பாவிடம் அப்புறம் போகலாம்.

நீங்கள் படமெடுத்து அனுப்பிய முதல் நாடக நோட்டீஸில் 'ஜய வருஷம் தை மாதம்' என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு கோஷ்டியின் சண்டை அந்த ஒரு வரியிலேயே தீர்ந்தது. ஜய வருஷம் 1954 ஏப்ரலில் பிறந்து 1955 ஏப்ரலில் முடிந்தது. அதன் தை மாதம் இங்கிலீஷ் கணக்கில் 1955 ஜனவரி நடுவில்தான் பிறக்கும். வருஷத்தின் பெயரை நினைவில் வைத்தவர் 1954 என்கிறார், நாடகம் போட்ட நாளை நினைவில் வைத்தவர் 1955 என்கிறார். (60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், 2014லும் ஜய வந்தது. உங்கள் நோட்டீஸில் தரை டிக்கெட் நாலணா என்றிருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.)

மற்ற நோட்டீஸ்களில் வருடமே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். விலையைப் பாருங்கள். 'ந.பை.' என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு அச்சானது. நயா பைசாவில் இருந்த 'நயா' 1964இல் போய்விட்டது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தியது. லை, னை எழுத்துகள் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்த பழைய வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று தோன்றும். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளை உடனே தூக்கிப்போட்டுவிடவில்லை, அதனால் இதை மட்டும் தனியாக நம்பாதீர்கள். இன்னொன்று: எந்த நோட்டீஸையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதைச் செய்து, பிரிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஆகவே 1955இல் கடலூர் வந்து குத்துவிளக்கு ஏற்றியிருக்க வழியில்லை. அதற்காகப் பெரியப்பா பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. முதல் நாடகமே சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்' என்கிறது நோட்டீஸ். அவர் படத்துக்கு மாலை போட்டுத் தொடங்கியிருப்பார்கள், சின்னப் பையனாகப் பெரியப்பா அதைப் பார்த்திருப்பார். 70 வருடத்தில் படம் ஆளாகிவிட்டது. இதை அவரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், 'மாலை யார் வாங்கி வந்தார்கள் பெரியப்பா?' என்று. நாம் எதிர்பார்க்காத பத்து விஷயங்கள் வெளியே வரும்.

அடுத்தது அந்தக் கணக்கு நோட்டு. எனக்கு அதுதான் புதையல். முதல் பக்கத்திலேயே, ரூபாய்-அணா-பைசா கணக்கில், 'பெட்டி மாஸ்டர் (ஆர்மோனியக்காரர்) 7-0-0, பெட்ரோமாக்ஸ் வாடகை 3-8-0, பாண்டி டிரஸ் வாடகை 12-0-0, டீ பன் 2-4-0' என்று தாத்தா எழுதியிருக்கிறார். பாண்டி டிரஸ் என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. அதற்கு முன் அங்கிருந்து ஒரு டிரங்குப் பெட்டி ஜிகினா உடுப்பு கடலூருக்கு வர வேண்டுமானால் சுங்கக்காரர்களைத் தாண்டி வர வேண்டும். உங்கள் ஆட்கள் நாடகம் போட்டது எல்லை திறந்து மூன்று, நாலு மாதத்துக்குள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நானாக இருந்தால் மலரின் முதல் பத்தியையே அந்த டிரங்குப் பெட்டியில் ஆரம்பிப்பேன்.

மன்றம் பதிவு பெற்ற சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு இருக்க வேண்டும். விழுப்புரம் பிரிந்தது 1993இல், அதற்கு முந்திய காகிதங்களில் 'தென்னாற்காடு' என்றுதான் இருக்கும், அப்படியே கேளுங்கள். பதிவு வருடம்தான் தொடங்கிய வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு நாடகம் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போனவர்களே அதிகம். நாடகப் பிரதி ஏதாவது அதிகாரி முத்திரையோடு கிடைத்தாலும் விடாதீர்கள். 1954ஆம் வருடச் சட்டம் ஒன்றைக் காட்டிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொன்னது 2013இல். 'தானே' புயலிலும் 2015 வெள்ளத்திலும் கடலூரில் எத்தனையோ வீடுகளின் காகிதம் போய்விட்டது. அதனால் மற்ற உறுப்பினர்களின் வீட்டுப் பரணையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பிரிவு. ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது பெண் வேஷத்துக்கு, வெளியூரிலிருந்து நடிகையை அழைக்கலாம் என்று பாதிப் பேர், நம் பையன்களே போதும் என்று பாதிப் பேர், அதில்தான் உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதையா மறைப்பது? ஊர் எப்படி மாறியது என்பதற்கு உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சாட்சி இதுதான். யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுத வேண்டாம். எந்தக் கூட்டத்தில் என்ன பேச்சு வந்தது, யார் எந்தப் பக்கம் போனார்கள், அடுத்த வருடம் ஒரே கோயில் திருவிழாவில் இரண்டு கொட்டகை எப்படிப் போட்டார்கள், அவ்வளவு போதும். அந்தப் பக்கத்துக் குடும்பத்தில் ஒருவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வெட்டாமல் போடுங்கள். பெரியப்பா இரண்டு நாள் பேச மாட்டார், சரி.

தலைவர், செயலாளர், பொருளாளர் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் போதும். 20 வருடத்துக்கு முன் ஒரு சபாவின் மலருக்கு நானே அந்தப் பட்டியலை நீட்டி முழக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். 40 வருடம் திரை இழுத்த மனிதர் விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்து மலரை முதலிலிருந்து கடைசி வரை விரலை வைத்துத் தேடினார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். இன்றும் அந்த மலரை நான் திறப்பதில்லை.

முதல் நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டியவர் கடலூர் முதுநகரில் இருக்கிறார், 90 தாண்டிவிட்டது, காது மந்தம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மலர் வேலை ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், அந்தப் பழைய போட்டோக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.