அந்தக் கடலைக் கடந்து வந்த பிறகு தூக்கமே இல்லை

அம்மா, வணக்கம். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். போன குளிர்காலத்தில் லீவு போட்டு, நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியன் தீவான பார்படாஸுக்குப் போனேன். பல வருஷ ஆசை. கிளம்பும் முன் அங்கே சிடாடே வெல்யா என்ற ஊரைப் பார்த்தோம். நடு ஊரில் ஒரு வெள்ளைப் பளிங்குத் தூண். அடிமைகளைக் கட்டிவைத்துத் தண்டித்த தூண் என்றார்கள்.

அது மனசில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி வாட்சில், அதாவது முறைவைத்துப் படகைக் கவனிக்கும் வேலையில், நிற்பேன். பின்னாலிருந்து வியாபாரக் காற்று, அதாவது அந்தக் கடலில் பெரும்பாலும் ஒரே திசையில் வீசும் காற்று, தள்ள, படகு பாட்டுக்கு ஓடும். இதே காற்றுதானே அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களையும் தள்ளியிருக்கும் என்று தோன்றும். கீழே போய்ப் படுத்தால் மூச்சு முட்டும். கூட வந்தவர்கள், "அது பழைய கதை, விடுப்பா" என்றார்கள்.

ஊருக்கு வந்தும் விடவில்லை. ராத்திரியெல்லாம் போனில் அதையே படிக்கிறேன். 1781-ல் ஸாங் என்ற கப்பலிலிருந்து அடிமைகள் 130 பேருக்கும் மேல் உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, சரக்கு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் பணம் கேட்டார்களாம். அதைப் படித்த அன்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடலில் நான் டால்பின் பார்த்துச் சிரித்ததை நினைத்தாலே கூசுகிறது. மனைவி பயப்படுகிறாள். இது மனநோயா?

– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

தம்பிக்கு,

ஒரு கடிதத்தை வைத்து நோய் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். நீங்கள் சிரித்தது தப்பில்லை. குற்ற உணர்ச்சி, நாம் செய்த தவறுக்கு வர வேண்டியது. உங்களுக்கு வந்திருப்பது துக்கம் என்றே எனக்குப் படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். ஏறத்தாழ 18 லட்சம் பேர் வழியிலேயே இறந்தார்கள். யாருக்காக அழுவது என்றே தெரியாத கணக்கு இது. அழ முடியாத மனசு தன்னையே குத்திக்கொள்ளும்.

ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போய் இறங்கிய பார்படாஸிலேயே, நியூட்டன் என்ற கரும்புத் தோட்டத்தில் அடிமைகளின் இடுகாடு இருக்கிறது. 1970-களில் தோண்டியபோது வயதான ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. கையில் செம்பு வளையல், விரலில் மோதிரங்கள், பக்கத்தில் மண் புகைக்குழாய். கழுத்தில் சோழி, நாய்ப்பல், மீன் முள்ளெலும்பு, கண்ணாடி மணி எல்லாம் கோத்த மாலை. அதில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த ஒரு பெரிய மணி. நம் குஜராத்துக் காம்பேயில் செய்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் வைத்தியராக இருந்திருப்பார் என்பது அவர்கள் ஊகம். பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள், தங்களில் ஒருவரை இத்தனை மரியாதையோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். நீங்கள் படிப்பதில் சாவு மட்டும்தான் வருகிறது தம்பி. அவர்கள் வாழ்ந்ததும் வரட்டும்.

படிப்பதைப் பகலுக்கு மாற்றுங்கள், முடிந்தால் மனைவியோடு சேர்ந்து. படுக்கையறைக்குள் போன் வேண்டாம். நடுராத்திரி நினைப்பு வந்தால் தேடப் போகாமல், அவரை எழுப்பிச் சொல்லுங்கள். பயந்துகொண்டிருப்பதைவிட அவருக்கும் அது மேல். வாட்ச் முறையில் உடைந்த தூக்கம் இன்னும் சீராகாமல் இருக்கலாம், அதனால் எழும் நேரத்தையாவது தினமும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டாலோ, கேபினுக்குள் போக நினைத்தாலே மூச்சு முட்டினாலோ, அடுத்த கப்பலில் ஏறும் முன் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.