கரண்டு பில், கேஸ் தோம்பு (சிலிண்டர்): வாசகர் கேள்வி பதில்

போன மாதம் எங்கள் வீட்டில் 598 யூனிட், இந்த மாதம் 612. கூடியது 14 யூனிட்தான், ஆனால் பில் 24 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஏறியிருக்கிறது. மீட்டர் பழுதா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு, மலேசியா

மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம் அக்கா, நீங்கள் 600ஐத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

2025 ஜூலை 1க்கு முன்பு கரண்டு விலை படிக்கட்டு மாதிரி இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென் (காசு), அடுத்த 100க்கு 33.40, அதற்கு மேல் 51.60 என்று ஏறிக்கொண்டே போகும். இப்போது 1,500 யூனிட் வரை எல்லா வீட்டுக்கும் ஒரே விலைதான், ஆனால் அதைப் பிரித்துக் காட்டுகிறார்கள்: மின்சாரத்துக்கு 27.03 சென், மின் நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு 4.55, கம்பி, கோபுரம், துணை நிலையங்களுக்கு 12.85. மொத்தம் 44.43 சென். இதிலிருந்து சிக்கனமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கழிவு (தள்ளுபடி) உண்டு, 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென், பயன்பாடு கூடக் கூட அது குறைந்து 1,000 யூனிட்டோடு நின்றுவிடும். 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென். இந்தக் கழிவை முதல் யூனிட்டிலிருந்தே கணக்கிடுகிறார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதோடு 600ஐத் தாண்டினால் பில் போடுவது, வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றுக்கென்று மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வேறு.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 598 யூனிட்டுக்கு 211 வெள்ளி 87 காசு. 612க்கு 226 வெள்ளி ஒரு காசு, அதோடு அந்தப் பத்து வெள்ளி, ஆக 236 வெள்ளி ஒரு காசு. வித்தியாசம் 24 வெள்ளி 14 காசு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் 1.6 விழுக்காட்டையும், 600க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு வரும் 8 விழுக்காடு சேவை வரியையும் இதில் நான் சேர்க்கவில்லை.

இன்னொரு அம்சமும் பில்லில் புதிதாக வந்திருக்கும், எரிபொருள் சரிக்கட்டல். முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்ததை இப்போது மாதாமாதம் பார்க்கிறார்கள். நிலக்கரி, எரிவாயு விலையும் வெள்ளியின் மதிப்பும் மாறினால் அந்தத் தொகையும் மாறும், கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 2025 ஆகஸ்டில் கழிவாகத்தான் வந்தது. 600 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சரிக்கட்டல் கிடையாது.

குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சலுகை கொடுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 600லிருந்து 601 என்று ஒரே ஒரு யூனிட் கூடியதற்காக ஏறக்குறைய 19 வெள்ளி ஏறுகிறதே, அது சரியில்லை. படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், மூன்று பிள்ளைகள், பகலிலும் ஃபேன் ஓடியே ஆக வேண்டிய அடுக்குமாடி வீடு, இப்படி ஒரு குடும்பம் 600க்குள் நிற்பது சாமானியமான காரியமா? அந்தப் பத்து வெள்ளியையாவது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கலாம்.

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: பில் வந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, போன பில்லுக்கு மீட்டர் எடுத்த நாளிலிருந்து 20ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் என்றால் தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தின் மைடிஎன்பி செயலியிலேயே தெரியும். அதற்குள் பயன்பாடு 420 யூனிட்டை எட்டிவிட்டால் மிச்சமுள்ள பத்து நாளும் தண்ணீர் ஹீட்டரையும் ஏர்கோனையும் கொஞ்சம் பிடித்து வையுங்கள். ஐஸ்பெட்டிக் கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் குளிர் கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்த ரப்பரை மாற்றியதற்கு அப்புறம் இராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்த பெட்டி விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது.

நம் நாட்டிலேயே எரிவாயு கிடைக்கும்போது உலக விலையைப் பார்த்து நம் பில் ஏன் ஏற வேண்டும்?
- வாசகர், பட்டர்வொர்த்

இருக்கிறது ஐயா, ஆனால் நிறைய எரிவாயு கடலுக்கு அப்பால் சரவாக் பக்கம் இருக்கிறது. அதைப் பிந்துலுவில் குளிர வைத்துத் திரவமாக்கி 1983லிருந்து கப்பலில் ஏற்றுமதி செய்கிறோம். அங்கிருந்து தீபகற்பத்துக்குக் குழாய் கிடையாது. நமக்கு வருவது பெரும்பாலும் திரங்கானு கடலிலிருந்து கெர்த்தே வழியாக, 1980களில் போட ஆரம்பித்த குழாயில். அது போதாமல் போனதால்தான் மலாக்கா சுங்கை ஊடாங்கிலும் அப்புறம் ஜொகூர் பெங்கெராங்கிலும், கப்பலில் வரும் திரவத்தைத் திரும்ப வாயுவாக்கும் முனையங்களைக் கட்டினார்கள். கப்பலில் வாங்கினால் உலக விலைதானே. அரசாங்க எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அல்லாத மற்ற நிறுவனங்களும் அந்தக் குழாய்களில் எரிவாயு அனுப்பலாம் என்று 2017 ஜனவரியில் சட்டம் திறந்துவிட்டது. இருந்தாலும் போட்டி வந்த உடனே விலை இறங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலக்கரியோ முழுக்க முழுக்க இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற வெளிநாடுகளை நம்பித்தான். 2022 உக்ரைன் போருக்குப் பிறகு 2023 ஜனவரியில் நடுத்தர, உயர் அழுத்த மின்சாரம் எடுக்கும் தொழிற்சாலைகளுக்கு யூனிட்டுக்கு 20 சென் கூடுதல் கட்டணம் விழுந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் அந்த வருடம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

நாசி கண்டார் கடை வைத்திருக்கிறேன். மானிய கேஸ் தோம்பு பயன்படுத்தினால் பிடிப்பார்களா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு, கிலோ 1.90. இது வீடுகளுக்காக வைத்த விலை. மானியம் இல்லாத தோம்பு இரண்டு மடங்குக்கும் மேல். மானியத் தோம்பைக் கடைகளில் பயன்படுத்துகிறார்களா என்று 2025 மே மாதம் சோதனை தொடங்கியதும் கடைக்காரர்கள் பயந்துபோனார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஒரு தட்டுச் சோற்றில் 50 காசு கூட்டினாலே வாடிக்கையாளர் முகம் மாறும் ஊர் இது. எதிர்ப்பு எழுந்த பிறகு அரசாங்கம் சிறு, குறு உணவு வணிகர்களுக்கு வழிவிட்டது. ஆனால் அளவுக்கு எல்லை உண்டு தம்பி. 2021 விதிப்படி ஒரே நேரத்தில் 42 கிலோ, அதாவது மூன்று தோம்பைத் தாண்டினால் அனுமதி வேண்டும். உங்கள் கடை சிறு வணிகத்தில் சேருமா என்பதை உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள், வணிகப் பதிவுப் பத்திரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். விநியோகிப்பவர் வாய்ச்சொல்லை நம்பி இருக்காதீர்கள்.

கூரையில் சோலார் போட இது நல்ல நேரமா?
- வாசகி, சுங்கை ஆரா

மிச்சமாகும் சோலார் கரண்டை மின் நிறுவனத்துக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய திட்டம் 2025 ஜூன் 30ஓடு முடிந்துவிட்டது. புதிய சோலார் அதாப் திட்டத்தில் மிச்சமாகும் கரண்டின் மதிப்பு அந்த மாதப் பில்லிலேயே கழிய வேண்டும், அடுத்த மாதத்துக்குப் போகாது. பகலில் வீட்டில் ஆள் இருந்து கரண்டு செலவாகிறது என்றால் போடுங்கள். எல்லாரும் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வீடு என்றால் பெரிய அமைப்பாக விற்கப் பார்ப்பவரிடம் உங்கள் பகல் பயன்பாடு எவ்வளவு என்று முதலில் கணக்குக் கேளுங்கள்.