பாதிக் கதைக்கு முழு டிக்கெட்

கேள்வி: 28 ஆண்டுகள் கழித்து வருகிறதே என்று அம்பாசமுத்திரத்திலிருந்து குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வந்து 'இந்தியன் 2' பார்த்தோம். கமல், சித்தார்த், எஸ்.ஜே. சூர்யா, சமுத்திரக்கனி என்று எத்தனையோ பேர் இருந்தும் ஏமாந்துதான் திரும்பினோம். மூன்றாம் பாகத்தில் எல்லாம் விளங்கும், பொறுங்கள் என்கிறார்கள் ரசிகர்கள். பொறுக்கத்தான் வேண்டுமா?

– வாசகர், அம்பாசமுத்திரம்.

பதில்: பொறுப்பது உங்கள் விருப்பம். ஆனால், மூன்று மணி நேரம் ஓடிய ஒரு படத்தைப் பற்றி வாய் திறக்க இன்னொரு படம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். ஒரு கதையை இரண்டு படங்களாகப் பிரித்தது அவர்கள் முடிவு. முழு டிக்கெட் வாங்கிய உங்கள் குற்றமல்ல. வெளியான சில நாட்களில் 12 நிமிடங்களை வெட்டியும் பார்த்தார்கள். குறை நீளத்தில் இருந்தால்தானே வெட்டினால் தீரும்?

1996-இல் வந்த முதல் படத்தில், தீக்காயத்தோடு துடித்த மகளின் சிகிச்சைக்கு லஞ்சம் கொடுக்க மறுத்து அவளைப் பறிகொடுத்த சேனாபதி (கமல்), லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பேருந்துக்குச் சான்றிதழ் கொடுத்த சொந்த மகனையே இறுதியில் கொல்கிறார். அந்த இரண்டு சாவுகளும் நம் வீட்டுச் சாவுகளாக இருந்தன. இப்போது தைவானின் தைபேயிலிருந்து வந்து வர்ம அடியால் அவர் தீர்த்துக்கட்டும் கோடீஸ்வரர்களோ நமக்கு முன்பின் தெரியாதவர்கள். (வர்ம ஆசான்களைக் கண்ட தெற்குச் சீமைக்காரர்களான நமக்கு வர்மத்தில் சந்தேகமில்லை, அதை வேடிக்கை வித்தையாக்கியதில்தான் வருத்தம்.)

எனக்கு ஆற்றாமை வேறொன்று. நல்ல கதை ஒன்று இந்தப் படத்துக்குள்ளேயே கிடக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையில் இருக்கும் தகப்பனே (சமுத்திரக்கனி) கை நீட்டுவதைக் கண்டு மகன் (சித்தார்த்) காட்டிக்கொடுக்கிறான். தாய் உயிரை விடுகிறாள். சேனாபதியை வரவேற்ற பிள்ளைகளே அவரைத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். முன்பு தகப்பன் மகனுக்குக் கொடுத்த தண்டனையை இப்போது மகன் தகப்பனுக்குக் கொடுக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய கதை வேறென்ன வேண்டும்? பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையையும் அன்றிரவு தூங்கவிடாமல் செய்திருக்கக்கூடிய அந்த வீட்டுக்குள் கதை வந்து சேர்வதற்குள், மாளிகைகளும் பாட்டுகளும் பிரசங்கங்களும் நேரத்தைத் தின்றுவிட்டன. எஸ்.ஜே. சூர்யாவை அடுத்த பாகத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டார்கள், சமுத்திரக்கனியையாவது பயன்படுத்தியிருக்கலாம்.

மூன்றாம் பாகம் வரட்டும். அப்போது குடும்பத்தில் ஒருவர் மட்டும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மற்றவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.