தோற்ற அணிக்கு என்ன பரிசு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அம்பாறை மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம். பெண்பிள்ளைகளின் கரப்பந்து அணியைப் பழக்குகிறேன். 2024இல் எங்கள் அணி வலய மட்டத்திலேயே தோற்றுவிட்டது.

அந்த நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பாடசாலை இடைத்தங்கல் முகாமானது. அணித்தலைவி அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் மழையால் நிறுத்தப்பட்டது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அவளுடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர். குடும்பத்தோடு முகாமுக்கு வந்தவள், மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். பால்மா தேவைப்பட்ட கைக்குழந்தைகள் 11 பேர். யாருக்கு எத்தனை மாதம், எந்தப் பால்மா, எந்த வகுப்பறையில் இருக்கிறார்கள் என்று தன் தமிழ்க் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். கிராம சேவகர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பங்கிட்டார். அதே அணியில் இன்னொரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியவள். பயிற்சி முடிந்ததும் மைதான ஓரத்திலேயே இருந்து படித்து, இரண்டாம் முறை 'சி' சித்தி எடுத்தாள்.

இப்போது பரிசளிப்பு விழாவுக்குப் பட்டியல் போடுகிறோம். கிண்ணம் வென்றவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு வீரர்களைச் சமூக சேவைக்காகவும் படிப்புக்காகவும் தனியாகக் கௌரவிக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். அதைச் சொல்லி இந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன். மூத்த ஆசிரியை ஒருவர், "வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படாது சேர். மேடையில ஏத்தினா மறுகா எல்லாப் புள்ளைகளும் மேடைக்காகத்தான் செய்யும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வது சரிதானா?

– உடற்கல்வி ஆசிரியர், அம்பாறை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கொப்பியின் பின்பக்கம் இரண்டு நாளாக என் மனதைவிட்டுப் போகவில்லை. பரீட்சை எப்போது மீண்டும் தொடங்கும் என்று தெரியாத ஒரு பிள்ளை, பாடம் எழுதிய கொப்பியைத் திருப்பிப் பிடித்துக் குழந்தைகளின் மாதக் கணக்கை எழுதியிருக்கிறாள்.

முதலில் அந்த மூத்த ஆசிரியையைப் பற்றி. அவரை நான் குறைவாக நினைக்கமாட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இருந்த எவரும் அப்படித்தான் பயப்படுவோம். ஒரு அரிசிப் பையை வாங்குவதற்குப் பதாகைக்கு முன்னால் வரிசையில் நின்று கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும் அப்படி நிறுத்தினார்கள். நன்மை செய்வதையும் அதைக் காட்டுவதையும் பிரிக்க முடியாமல் போன காலம் அது. அந்த ஆசிரியைக்கு உள்ளே இருப்பது அந்தக் காயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்ன வாக்கு கொடுக்கிற கைக்குச் சொன்னது. பக்கத்தில் நின்று பார்த்தவரின் வாயை அது கட்டவில்லை. செய்தவர் தன் செய்கையைச் சொல்லித் திரியக்கூடாது, சரி. பார்த்தவர்களும் பேசாமல் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளை செய்தது எங்கே போய்த் தங்கும்? பார்த்தவர் சொல்வதற்கு நம்மிடம் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஒரு பெயரே இருக்கிறது. அணித்தலைவி மேடை கேட்கவில்லை. கேட்கிறவர் நீங்கள், அதுவும் அவளுக்காக. இரண்டும் வேறுவேறு.

நீங்கள் வாசித்த அமெரிக்க விஷயத்தையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், விழாக்குழுவில் பேச உதவும். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்பது பெரும் பணம் புரளும் உலகம். அதற்குள்ளேயே சில பழைய ஏற்பாடுகள் இருக்கின்றன. படிப்பில் சிறந்த கல்லூரி வீரர்களைத் தெரிவு செய்யும் 'அகடமிக் ஆல்-அமெரிக்கா' 1952இல் தொடங்கியது. அமெரிக்க உதைபந்தாட்டத்தில், அதுதான் தலைக்கவசம் போட்டு முட்டைவடிவப் பந்தோடு ஓடுவார்களே அதில், படிப்பையும் தலைமைத்துவத்தையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் கேம்பல் கிண்ணம் 1990இலிருந்து இருக்கிறது. 1992இலிருந்து 'குட் வேர்க்ஸ் ரீம்' என்றும் ஒன்று இருக்கிறது, இப்போது அதற்கு ஒவ்வொரு வருடமும் 22 வீரர்களைத் தெரிவு செய்கிறார்கள். அது முழுக்க அவர்கள் ஊருக்குச் செய்த சேவைக்காக. பிரபலமான பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து 11 பேர், சிறிய கல்லூரிகளிலிருந்து 11 பேர். சிறிய கல்லூரிகளுக்குப் பாதி இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. உங்களைப் போன்ற பாடசாலைகளுக்கு அதில் ஒரு சொல் இருக்கிறது.

2005இலிருந்து டானி வேர்ஃபல் என்ற வீரரின் பெயரில் ஒரு விருதும் சேவைக்காக வழங்கப்படுகிறது. 1996இல் கல்லூரி உதைபந்தாட்டத்தின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் கிண்ணத்தை வென்றவர் அவர். தொழில்முறை ஆட்டத்துக்காக நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்குப் போனவர், அந்த நகரின் மிக வறிய பகுதி ஒன்றில் பிள்ளைகளுக்காக இயங்கிய தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்தார். ஆட்டத்தை விட்ட பிறகு அதுவே அவரது முழுநேர வேலையானது. 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அந்தப் பகுதி மூழ்கியது. அவர்கள் நடத்திய பாடசாலையும் போயிற்று, அவர் வீடும் போயிற்று. அவர் அந்த வேலையை விடவில்லை.

நியூ ஓர்லியன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் மட்டக்களப்பில் வயதானவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சென்ற நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்துதான் அமெரிக்க இயேசு சபைக் குருமார் எங்கள் ஊருக்கு வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரிக் கூடைப்பந்து நாடு முழுக்கப் பேசப்பட்டதற்கு அவர்கள்தான் காரணம். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் இன்று மட்டக்களப்பின் வெபர் மைதானம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். போரில் ஊரே பற்றி எரிந்த நாட்கள். பிறருக்கு உதவப் போன இடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. அவரிடம் பழகியவர்கள் கூடிப் பேசும்போது நான் இருந்திருக்கிறேன். எந்த வருடம் எந்த அணியை எத்தனை புள்ளியால் வென்றோம் என்பதில் அவர்களுக்குள் தகராறு வரும். அவர் யாருக்காக எங்கே போய் நின்றார் என்பதில் ஒரு தகராறும் வராது.

அந்த ஆசிரியையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மைதானத்துக்கு வெபர் என்று பெயர் வைத்ததால் அவர் செய்தது குறைந்துவிட்டதா?

இனி என் சொந்தக் கதை ஒன்று. எண்பதுகளில் நான் படித்த பாடசாலையின் உதைபந்து அணியில் கோல்காப்பாளனாக ஒருவன் இருந்தான். என் வகுப்புத்தான். பயிற்சி முடிந்து நாங்கள் கிணற்றடிக்குப் போவோம். அவன் போகமாட்டான். ஏழாம் எட்டாம் வகுப்பில் படித்த மூன்று பொடியன்கள், தகப்பன்மார் கரைவலைக்குப் போகிறவர்கள், விறாந்தையில் அவனுக்காகக் காத்திருப்பார்கள். மைதானத்துக்குக் கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்புக் கட்டியால் சீமெந்துத் தரையில் பின்னக் கணக்கு எழுதிக் காட்டுவான். வெளிச்சம் போகும்வரை. மறுநாள் காலையில் கூட்டுகிறபோது அந்தக் கணக்குகள் அழிந்துபோகும். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

எங்கள் அணி அந்த இரண்டு வருடமும் எதையும் வெல்லவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள், என் கையெழுத்து நல்லது என்று சான்றிதழ்களுக்குப் பெயர் எழுத என்னை அலுவலகத்தில் இருத்தியிருந்தார்கள். அச்சடித்த தாள். 'செல்வன்' என்று ஒரு புள்ளிக்கோடு, 'போட்டியில்' என்பதற்கு முன்னால் ஒரு புள்ளிக்கோடு, 'ஆம் இடம்' என்பதற்கு முன்னால் ஒரு புள்ளிக்கோடு. எங்கள் வகுப்பாசிரியர் ஒரு தாளை எடுத்து அவன் பெயரைச் சொன்னார். எழுதினேன். பிறகு எந்தப் போட்டி, எத்தனையாம் இடம் என்று இருவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. அவர் அதை இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அடுத்த பெயரைச் சொன்னார். நல்ல மனிதர், மனம் இல்லாமல் செய்யவில்லை. வேறொரு வெள்ளைத்தாளில் எழுதலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. 1990இல் எங்கள் ஊர்களில் நடந்தவற்றுக்குப் பிறகு அவன் எங்கே என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அந்த விறாந்தையைப் பற்றி அவன் காதுபட ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அச்சடித்த சான்றிதழை இதற்கு எடுக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை நடந்தபடி கையால் எழுதுங்கள். 'சிறந்த சமூக சேவை' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அவளுக்குப் பொருந்தாது. 11 குழந்தைகள், தமிழ்க் கொப்பி, பரீட்சை நின்ற நாட்கள் என்று எழுதுங்கள். கீழே இருக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைக் கேட்டால் 'இப்படியும் ஒன்று செய்யலாமா' என்று யோசிக்கும். எனக்கு அது போதும்.

கணிதத்தில் 'சி' எடுத்த பிள்ளையைப் பற்றி. இங்கே அமெரிக்கர்களை அப்படியே பின்பற்றவேண்டாம் என்பேன். அவர்களுடைய படிப்பு விருதுகள் பெரும்பாலும் உச்சியில் நிற்பவர்களுக்கு. மைரன் ரோல் என்று ஒரு அமெரிக்க உதைபந்தாட்ட வீரர். 2008 நவம்பரில் ஒரே நாளில் அவருக்கு ஒக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் புலமைப்பரிசிலுக்கு நேர்முகமும் இருந்தது, வேறு மாநிலத்தில் அணியின் ஆட்டமும் இருந்தது. நேர்முகத்தை முடித்துவிட்டு விமானத்தில் பறந்துபோய், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே களத்தில் இறங்கினார். புலமைப்பரிசிலும் கிடைத்தது. பிறகு ஒக்ஸ்ஃபோர்ட், அதன்பின் தொழில்முறை அணி, இன்று மூளை நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். நம்மவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் அப்படித்தான். 1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர், கலிபோர்னியாவில் பல்கலைக்கழக வீரராக இருந்து படித்து, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2024இல் காலமானார். இவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் பயிற்சி முடிந்த களைப்போடு மைதான ஓரத்தில் இருந்து, தவறிய பாடத்தை மறுபடி எடுத்து 'சி' வாங்கிய பிள்ளை ஏறிய தூரமும் சிறியதல்ல. 'ஒன்பது ஏ' எடுத்தவர்களின் படம் ரியூசன் கொட்டில் வாசலில் தொங்கும். இவளுடைய 'சி'யை நீங்கள் சொன்னால்தான் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண தரம் நெருங்கியதும் 'விளையாட்டு போதும், படி' என்று எத்தனை பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்துகிறார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சபையில் இருக்கும் ஒரு தாய், விளையாடிக்கொண்டே ஒருத்தி கணிதம் சித்தியடைந்தாள் என்று கேட்டால், அடுத்த வருடம் உங்கள் அணிக்கு ஒரு பிள்ளை மிஞ்சும். அதேபோல, புள்ளி குறைந்தால் அணியில் இடமில்லை என்று மட்டும் சட்டம் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. அங்கே அதற்கென்று கல்வி ஆலோசகர்களும் தனி வகுப்புகளும் உண்டு. எங்கள் பாடசாலைகளில் சில பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதே மாலையில் பந்து தட்டத்தான். அதையும் பறித்தால் பிறகு வரவே மாட்டார்கள்.

அந்த ஆசிரியையின் பயத்துக்கும் இடம் கொடுங்கள். முகாமில் தங்கியிருந்த குடும்பங்களை மேடைக்கு அழைக்கவேண்டாம். வெள்ளப் படங்களைத் திரையில் ஓடவிடவேண்டாம். இதை வருடாவருடம் ஒருவருக்குக் கொடுத்தே ஆகவேண்டிய கேடயமாக ஆக்கினால் அவர் சொன்னதுதான் நடக்கும். சொல்ல ஒன்றும் இல்லாத வருடத்தில் சும்மா விட்டுவிடுங்கள். முக்கியமாக, அணித்தலைவியிடம் முன்கூட்டியே கேளுங்கள். 'வேண்டாம் சேர்' என்றால் தாளை மட்டும் அவள் கையில் கொடுங்கள். 'நாங்கள் எல்லாரும்தானே செய்தோம்' என்றால் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குப் படுகிறது.

அவள் பாடசாலையை விட்டுப் போயிருப்பாள். பரவாயில்லை, கடந்த வருடத்துப் பெறுபேறுகளுக்குத்தானே எப்போதும் பரிசு கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய் அழையுங்கள். முடிந்தால் அந்தத் தாளை வாசிக்கும் வேலையை அந்த மூத்த ஆசிரியையிடமே கொடுத்துப் பாருங்கள். முகாம் நாட்களில் அவரும் அங்கே இருந்திருப்பார்தானே. கொப்பியை மட்டும் மேடைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், அது அவளுடையது.

விழாத் திகதி தெரிந்ததும் எழுதுங்கள். கல்லடியில் பஸ் ஏறினால் வந்துவிடுவேன். பின்வரிசையில் ஒரு கதிரை போதும்.

அன்புடன்.