எண்பதாவது நிமிடத்தில் எழுந்துபோவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். அண்மையில் என் பத்து வயது மகனை முதன்முறையாக புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குக் காற்பந்து ஆட்டம் பார்க்க அழைத்துப் போனேன். நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. எண்பதாவது நிமிடத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைசிவரை இருந்தால் காடியை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மறுநாள் அவனுக்குப் பள்ளி, எனக்கு வேலை. படியில் இறங்கும்போது உள்ளே பெரிய சத்தம். நம் ஆட்கள் கோல் போட்டுவிட்டார்கள். மகன் வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. என் மைத்துனர், "நீயெல்லாம் ஒரு ரசிகனா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டுவிட்டார். இங்கிலாந்து ரசிகர்களும் இப்படித்தான் கிளம்புகிறார்கள், டிவியில் பார்க்கிறோமே? கடைசிப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை என்பதுதானே உண்மை? ஆனால் நான் கேட்க வந்தது வேறு. மகனைச் சமாதானப்படுத்த, காற்பந்து பற்றித் தமிழில் ஒரு நல்ல சிறுவர் நூல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். ஏதாவது சொல்ல முடியுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உடனே பதில் எழுதக் காரணம் காற்பந்து இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீடு. சிறப்பு விருந்தினராக வந்த டத்தோ பேசி முடித்தார், முதல் பிரதி கைமாறியது, படம் எடுத்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் எழுந்துவிட்டது. வெளியே மீகூனும் தேநீரும் தயாராக இருந்தன. நன்றியுரை சொல்ல வந்தது ஒரு கல்லூரி மாணவி. எதிரே மிச்சம் இருந்தவர்கள் நூலாசிரியர், அவர் மனைவி, ஒலிபெருக்கிக்காரர், அப்புறம் நான். அந்தப் பெண் எழுதிவந்த இரண்டு பக்கத்தில் ஒரு பெயரைக்கூட விடவில்லை. மண்டபம் கொடுத்தவர், நாற்காலி போட்டவர், மீகூன் சமைத்த அம்மா, எல்லோருக்கும் நன்றி. அவர்களில் பாதிப் பேர் அப்போது மீகூன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. கொஞ்சம் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி உங்களுக்கானது இல்லை.

மைத்துனரை விடுங்கள். யார் உண்மையான ரசிகன் என்று அளக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை ஆட்டம் பார்க்கிறவர்கள். பதில் போடாதீர்கள்.

பள்ளி நாள் என்பது நியாயம்தான். நம் ஊரில் பெரிய ஆட்டங்கள் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் தொடங்குகின்றன. பகல் வெயிலில் ஆட முடியாது, மக்ரிப், இஷா தொழுகைகளும் முடிய வேண்டும். ஆட்டம் முடியப் பதினொன்று ஆகிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நேரமே இல்லை. அப்படியென்றால் விடுமுறை நாள் ஆட்டமாகப் பார்த்துக் கூட்டிப்போயிருக்க வேண்டும். பாதிச் சோற்றில் பிள்ளை கையிலிருந்து தட்டைப் பிடுங்கிவிட்டு, "நேரமாச்சு" என்று சொன்னால் எந்தப் பிள்ளை பேசும்?

இங்கிலாந்தில் செய்தால் சரியாகிவிடுமா? 2015 நவம்பரில் லிவர்பூல் தன் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலசிடம் 2-1 என்று தோற்றது. 82வது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்ததும் கூட்டம் வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது. பயிற்சியாளர் யூர்கன் குளோப் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் தான் ரொம்பத் தனியாக இருப்பதுபோல் உணர்ந்ததாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த மாதம் வெஸ்ட் பிரோம் அணியோடு ஆட்டம். தொண்ணூறு நிமிடம் முடிந்து கொடுத்த கூடுதல் நேரத்தில் லிவர்பூலின் ஒரிகி அடித்த கோலால் 2-2. குளோப் ஆட்டக்காரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, இருந்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லவைத்தார். வெஸ்ட் பிரோமோடு சமன் செய்ததற்கு இத்தனை அலட்டலா என்று பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நூல் வெளியீடுகளுக்கும் வருகிறார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் எல்லோரும் 1999 பார்சலோனா இறுதியாட்டத்தை இழுப்பார்கள். மான்செஸ்டர் யுனைடெட் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு பாயர்ன் மியூனிக்கை வென்ற ஆட்டம். கிண்ணத்தைக் கொடுப்பதற்காக முன்கூட்டியே கீழே இறங்கிய ஐரோப்பியக் காற்பந்துச் சங்கத் தலைவர் லென்னார்ட் யோஹான்சன் திடலுக்கு வந்து பார்த்தால், வென்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், தோற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவரே எண்பதாவது நிமிட ஆசாமி! நல்ல கதைதான். ஆனால் எப்போதாவது ஒரு நாள் நடக்கும் என்பதற்காக எல்லா நாளும் உட்காரு என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. உங்கள் கணக்கு சரி. பெரும்பாலான இரவுகளில் நீங்கள் எதையும் தவறவிடப் போவதில்லை, கோலைப் பொறுத்தவரை.

என் சண்டை அந்தக் கணக்கோடுதான். நெரிசல் ஒரு சாக்கு. "முடிவு தெரிந்துபோச்சு, இனி என்ன?" என்பதுதான் உங்களை எழுப்பியது. நம் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்து, எதிராளி முட்டி மோதிக்கொண்டிருந்தால், அதே கார் நிறுத்துமிடம் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்குமா?

முடிவுதான் எல்லாம் என்றால் 2024 ஜனவரி 25-ஐ என்ன செய்வது? அன்று தைப்பூசம். பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பந்தல் பையன்கள் கைப்பேசியை டிரம்மில் சாய்த்துவைத்து ஆசியக் கிண்ண ஆட்டம் பார்த்தார்கள். மலேசியாவும் தென் கொரியாவும். அவர்கள் உலகத் தரவரிசையில் 23, நாம் 130. அதைவிட முக்கியம், ஜோர்டானிடமும் பஹ்ரைனிடமும் தோற்று நாம் ஏற்கெனவே போட்டியிலிருந்து வெளியேறியிருந்தோம். வென்றாலும் தோற்றாலும் மறுநாள் விமானம்தான். முதலில் அவர்கள் ஒன்று போட, நாம் திருப்பி இரண்டு போட்டு முன்னால் போனோம். பிறகு 83வது நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரத்தில் அவர்களுடைய சோன் ஹியுங்-மின் பெனால்டியை உள்ளே போட்டார், 3-2. "முடிஞ்சிச்சுண்ணே" என்று ஒரு பையன் எழுந்து கிளாஸ் கழுவப் போய்விட்டான். இன்னொருவன் நகரவில்லை. 105வது நிமிடத்தில் நம் ரோமெல் மொராலெஸ் கோல் போட்டார், 3-3. அவன் போட்ட கூச்சலில் பால்குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்த ஒரு சின்னப் பயல், என்ன ஏது என்று தெரியாமல் அவனோடு சேர்ந்து குதித்தான்.

அந்தக் கோலால் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. அதோடு நம் பிரிவில் கடைசி இடம். ஆனால் அந்தப் போட்டியில் யார் யாரை எங்கே வென்றார்கள் என்று இன்று எவரிடமாவது கேளுங்கள், திணறுவார்கள். 3-3 மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இதே கொரியாதான் 1980-லும். மெர்டேக்கா அரங்கத்தில் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் தகுதியாட்டம். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, 2-1 என்று வென்றோம். கோல் வாசலில் நம் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். அப்புறம் என்ன ஆயிற்று? சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தது. அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. உங்கள் கணக்கில் அந்த வெற்றியின் மதிப்பு பூஜ்யம். செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா சாகும்வரை அந்த ஒரு ஆட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அதே அரங்கத்துக்கு எழுபதுகளில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை அவருக்கு. ஒருநாள்கூட ஆட்டம் முடிந்தவுடன் எழுந்ததில்லை. பெரிய காற்பந்துப் பக்தர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கச்சாங் பூத்தே கடலை விற்கிறவர் மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார், அதற்காக உட்கார்ந்திருப்பார். முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதும் அவருக்குப் பிடிக்காது. மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம் என்பார்.

இப்படிக் கடலைக்காகக் காத்திருந்ததால் நான் பார்த்தவை நிறைய. வலையை அவிழ்க்கிறவர்கள், மூலைக்கொடிகளைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறவர், மாற்று ஆட்டக்காரர்களைத் தனியாக ஓடவிடும் பயிற்சியாளர். ஒருமுறை வெளியூர் அணி ஒன்று நிறைய கோல் வாங்கித் தோற்றது. அவர்களுடைய கோல் காவலர் தமிழர். மற்றவர்கள் உள்ளே போன பிறகும் வேலியோரம் காலணியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா நேராக அவரிடம் போய், "பசியாறிட்டியாப்பா?" என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், கடலைப் பொட்டலத்தில் கையை விட்டார், "செந்தூலா நீங்க? எங்க மாமாவும் பட்டறைதான்" என்றார். பிறகு இருவரும் பட்டறை ஃபோர்மன் ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டோம். அந்த ஆட்டத்தின் கோல்களில் ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை.

நெரிசலைத் தப்பிக்க இரண்டு வழி உண்டு, தம்பி. சீக்கிரம் கிளம்புவது ஒன்று, தாமதமாகக் கிளம்புவது இன்னொன்று. எல்லோரும் முதல் வழியையே பிடிக்கிறீர்கள். அதனால்தான் எண்பதாவது நிமிடத்திலேயே வெளியே ஒரு நெரிசல். விசில் அடித்ததும் கிளம்புகிறவர்களுக்கு இரண்டாவது நெரிசல். அரை மணி நேரம் கழித்து வருகிறவனுக்குச் சாலை திறந்திருக்கிறது. அவன் வீடு போய்ச் சேரும் நேரமும் மற்றவர்கள் போய்ச் சேரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அரை மணியை ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கும் காடியின் சிவப்பு விளக்கைப் பார்ப்பதில் செலவழிக்கிறீர்களா, மகனோடு இருக்கையில் உட்கார்ந்து செலவழிக்கிறீர்களா? காவலர்கள் வந்து எழுப்பும்வரை இருங்கள். எழுப்பிவிட்டால் வெளியே கடைகள் இருக்கின்றன, ஒரு மைலோ வாங்கிக் கொடுங்கள். புக்கிட் ஜாலிலில் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேறினால் எந்தச் சாலை தாங்கும்?

இன்னொன்று, காடியை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். கிள்ளானிலிருந்து வருகிறவர் பூத்ரா ஹைட்ஸில் நிறுத்திவிட்டு எல்.ஆர்.டி. ஏறினால் அதே தடத்தில் புக்கிட் ஜாலில் வந்துவிடும். நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு நடைதூரம்தான். பெரிய ஆட்டங்களின்போது ரயில் நேரத்தை நீட்டுவதும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது முதல் ரயிலில் நசுங்க வேண்டாம், மூன்றாவதில் ஏறுங்கள்.

நூல் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. சிறுவர் நூல்களை நன்கு அறிந்த ஓர் ஆசிரியை இருக்கிறார், அவரிடம் கேட்டுத் தனியாக எழுதுகிறேன். அதுவரை அவனுக்கு ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1988-இல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார் என்பதையும் மறைக்க வேண்டாம். பத்து வயதில் அதெல்லாம் புரியும்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்