காரில் நீங்களே செய்யும் மாற்றங்கள்: எதற்கு 2 மதிப்பெண், எதற்கு 9?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது. வீட்டில் சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டர் மாற்றும் அளவுக்கு வயரிங் தெரியும். ஸ்பானர் செட்டும் மல்டிமீட்டரும் இருக்கின்றன. டேஷ்கேம், ஜோடி ஹார்ன், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, எல்இடி ஹெட்லைட், 15 இன்ச் அலாய் வீல், சன் ஃபிலிம், லோயரிங் ஸ்பிரிங் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். வீடியோக்களில் எல்லாமே ‘ரொம்ப ஈஸி’ என்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கோ எதிலும் கைவைக்காதே என்கிறார். எதை நானே செய்யலாம்?

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். வீடியோ எடுப்பவருக்கு அது பத்தாவது கார். கிளிப் உடைந்து முக்கால் மணி நேரம் தடுமாறிய பகுதியை வெட்டிவிட்டுத்தான் போடுவார். மெக்கானிக் பார்ப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கழற்றி, மாட்டத் தெரியாமல் திங்கட்கிழமை அவரிடம் வரும் கார்கள் மட்டும்தான் அவர் கண்ணில் படும்.

ஒரு வேலை கடினமா சுலபமா என்பதை நான் ஸ்க்ரூ கணக்கு வைத்துப் பார்ப்பதில்லை. மூன்று விஷயங்களைப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடுகிறேன்; மதிப்பெண் கூடக் கூட வேலை கடினம். சரிவரவில்லை என்றால் மாலைக்குள் பழையபடி மாட்டிவிட முடியுமா? நம் வேலையில் கோளாறு இருந்தால் அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடுமா, இல்லை பெங்களூர் ஹைவேயில் பள்ளிகொண்டா தாண்டி 90-இல் போகும்போது தெரியுமா? ஆர்.சி. புக்கோ சட்டமோ இதில் வருமா? இப்படிப் பார்த்தால், ஒரு டஜன் கிளிப் கழற்ற வேண்டிய ஸ்பீக்கர் வேலைக்குக் குறைந்த மதிப்பெண்ணும், ஐந்தே நிமிடத்தில் முடியும் ஹெட்லைட் பல்புக்கு அதைவிட அதிகமும் வரும்.

டேஷ்கேமில் ஆரம்பியுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி, வயரைக் கூரை ஓரத் துணிக்குள் விரலால் தள்ளிவிட்டால் அது 1 மதிப்பெண் வேலை. வண்டி நிற்கும்போதும் பதிவாக வேண்டும் என்று ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுத்தால் 3. அப்படி எடுக்கும்போது, பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானே நின்றுவிடும் ஹார்ட்வயர் கிட் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஏர்பேக், ஏபிஎஸ் என்று எழுதியிருக்கும் ஃப்யூஸ்களைத் தொட வேண்டாம். அப்புறம் நம்ம ஊர் வெயிலுக்காக ஒன்று: உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் டேஷ்கேமை வாங்காதீர்கள், கெப்பாசிட்டர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதியம் வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிப்போகும்.

ஜோடி ஹார்ன் 3 மதிப்பெண். ஆனால் ஒரு புதியவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை கிடையாது, ஏனென்றால் ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்யும் மின் சுவிட்ச்) என்பது என்ன என்று இதில்தான் புரியும். இரண்டு ஹார்ன் சேர்ந்தால் மாடலைப் பொறுத்து 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு ஹார்னுக்காகப் போட்ட பழைய வயரிலும் சுவிட்சிலும் அவ்வளவையும் ஓட்டினால் முதலில் சத்தம் மங்கும், பிறகு காண்டாக்ட் கருகும். அதனால் கம்பெனி ஹார்னுக்கு வரும் இரண்டு வயரையும் புது ரிலேயின் 85, 86 பின்களுக்குக் கொடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த வயரில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு வாருங்கள். 87-இலிருந்து இரண்டு ஹார்னுக்கும் போகட்டும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ரிலேக்குப் பக்கத்தில் இல்லை. நடுவழியில் வயர் உரசி பாடியில் பட்டால் ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் நீளத்தை யாரும் காப்பாற்ற முடியாது. இப்போது கப்ளரோடு ரெடிமேட் வயரிங் கிட்டே கிடைக்கிறது. அதை வாங்கினால் ஒரிஜினல் வயரில் கத்தி வைக்க வேண்டியதில்லை, மதிப்பெண் 2-க்கு இறங்கிவிடும். ராகம் பாடும் பல சத்த ஹார்ன் மட்டும் வேண்டாம், மோட்டார் வாகன விதியிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

ஸ்பீக்கருக்கு 4. டோர் பேடைக் கழற்றத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்றும், பத்து உபரி கிளிப்பும் கையில் இருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், அவ்வளவுதான். கவனம் வேண்டிய இடங்கள் வேறு. புது ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிட ஆழமாக இருக்கலாம். கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். இரண்டு கதவிலும் பிளஸ் மைனஸ் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறிப்போனால் எதுவும் கெடாது, ஆனால் பேஸ் சத்தம் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். புது ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் பலரின் பிரச்சினை இதுதான். சந்தேகம் இருந்தால், டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் செட்டிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கோன் முன்னால் வரும்.

இன்னொன்றை வீடியோக்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். டோர் பேடுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிட்டு மாட்டினாலும் கதவு நன்றாகத்தான் மூடும். ஐப்பசி மழை பிடிக்கும்போது கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர், கீழே ஓட்டை வழியாக வெளியே போவதற்குப் பதில் உள்ளே தரைவிரிப்புக்கு வரும். அப்போது ஸ்பீக்கர் மாற்றியது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஷீட்டைச் சூடுகாட்டி மெதுவாகப் பிரியுங்கள், திரும்ப அதே பசையில் ஒட்டுங்கள்.

ரிவர்ஸ் கேமராவுக்கு 5. காரணம் கேமரா இல்லை, டிக்கியிலிருந்து செட் வரைக்கும் வயர் இழுப்பது. டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய் வழியாகத்தான் வயர் போக வேண்டும். வெளியே தொங்கவிட்டால் ஆறு மாதத்தில் கீல் பக்கம் மடிந்து மடிந்து அறுந்துவிடும். கேமராவுக்கான கரண்டை ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுக்க வேண்டும். எது அந்த வயர் என்று நிறத்தை நம்பாதீர்கள்: ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஆஃபில், சாவியை ஆன் செய்து, ரிவர்ஸ் கியரில் வைத்து மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். வீடியோ கேபிளோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு வயரும் அந்த 12 வோல்ட்டில்தான் சேர வேண்டும். அது செட்டுக்குப் போனால்தான் கியர் போட்டவுடன் திரை தானாக மாறும். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

எல்இடி ஹெட்லைட்டுக்கு 6 போட்டால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். பல்பு மாற்ற ஐந்து நிமிடம் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வண்டியின் ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் வகை. ஹாலஜன் பல்பின் சிறிய இழை எந்தப் புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கண்ணாடிக் குழிவை வார்த்திருக்கிறார்கள். எல்இடியில் ஒளி கிளம்பும் இடம், அளவு, கோணம் எல்லாம் வேறு. நீங்கள் லோ பீமில் போனாலும் எதிரே வருபவருக்குக் கண் கூசும். உங்களுக்கோ சுவரில் அடித்தால் பிரகாசம், இருட்டு ரோட்டில் தூரம் தெரியாது. மழை வந்தால் இன்னும் மோசம். இந்தக் கோளாறு வீட்டு வாசலில் தெரியவே தெரியாது என்பதால்தான் 6.

வெளிச்சம் போதவில்லை என்பது உங்கள் உண்மையான குறை என்றால் வேறு வழி இருக்கிறது. முதலில் மஞ்சளித்துப் போன ஹெட்லைட் மூடியை பாலிஷ் செய்யுங்கள், ஏழு வயது வண்டிக்கு அதிலேயே பாதி வேலை முடியும். அடுத்து, நல்ல கம்பெனியின் 60/55 வாட்ஸ் பல்பும், ரிலே வயரிங் கிட்டும் போடுங்கள். பல்புக்கு வரும் வோல்டேஜ் ஏறினாலே வெளிச்சம் கூடும். ஹார்னில் ரிலே கற்றுக்கொண்டிருப்பதால் இது உங்களுக்கு 3 மதிப்பெண் வேலைதான். 100/90 வாட்ஸ் பல்பு பக்கம் போகாதீர்கள். 60 வாட்ஸுக்கு 5 ஆம்பியர், 100 வாட்ஸுக்கு 8-க்கு மேல். ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொள்ளும்.

அலாய் வீலுக்கு இரண்டு மதிப்பெண் தர வேண்டியிருக்கிறது: மாட்டுவதற்கு 2, தேர்ந்தெடுப்பதற்கு 6. உங்கள் காரில் வரும் டயர் அளவு 165/80 ஆர்14. இதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடல்களுக்கு கம்பெனியே கொடுத்தது 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 622. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, டயர் எங்கும் உரசாது. 15 இன்ச் என்றால் இந்த அளவோடு நில்லுங்கள். 16, 17 என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். 195, 205 என்று அகலம் போனால் பிக்கப்பும் மைலேஜும் இறங்கும், ஸ்டியரிங் திருப்பும்போது உரசலும் வரலாம்.

வீல் வாங்கும்போது 4×100 பிசிடி (நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர்), நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர் என்று சொல்லிக் கேளுங்கள். பல அலாய்களில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். அப்படியானால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும், இல்லையென்றால் 80-இல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் மேல் பேலன்சிங் செய்துகொண்டே இருப்பீர்கள். அலாய்க்கு உரிய கூம்பு நட்டா என்றும் பாருங்கள். நட்டை எதிரெதிராக முடுக்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் அடித்துவிட்டதோடு விட்டுவிடக் கூடாது. வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள், கழற்றிய டயரை பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள். மண் தரை என்றால் ஜாக்கிக்குக் கீழே ஒரு பலகை.

சன் ஃபிலிமுக்கு நான் மதிப்பெண்ணே போடவில்லை. ஒட்டுவது கைப்பழக்கம், யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. விதிப்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். காசு கொடுத்து ஒட்டி, போலீஸ் முன்னால் நின்று உரிப்பதற்குப் பதில், வண்டியை நிறுத்தும்போது மட்டும் விரிக்கும் சன் ஷேடு வாங்கிக்கொள்ளுங்கள்.

காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குக்கு 9. இதில் உங்கள் மெக்கானிக் பக்கம்தான் நான். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் சுருங்கிய நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். அதை அடக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் நழுவினால் கை போகும், சில சமயம் உயிரே போகும். மாட்டி முடித்தாலும் வீல் அலைன்மென்ட் மாறியிருக்கும், ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போகும். 163 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கும்போதே நான்கு பேரோடு நம் தெரு வேகத்தடைகளில் அடி தட்டுகிறது. தாழ்த்திய காரை ஏலகிரி ஏற்றுவது தனிக் கொடுமை.

சட்டமும் இங்கேதான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பம்பருக்கு முன்னால் புல் பார் வேண்டாம். மோதலில் ஏர்பேக் வேலை செய்வதை அது குழப்பும், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வண்டியின் நிறம் மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

கரண்ட் வேலை எதுவானாலும் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக். பிரிக்காதீர்கள், மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் செய்யாதீர்கள், அந்தச் சின்ன கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வீட்டு வழக்கமும் காரில் ஆகாது. இன்ஜின் சூட்டில் டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து (உலோக இணைப்பியில் வைத்து நசுக்கி), சூடுகாட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

டேஷ்கேம், ஹார்ன், ஹெட்லைட் ரிலே, ஸ்பீக்கர், கேமரா என்று இந்த வரிசையில் ஒன்றை முடித்து, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிவிட்டு ஃப்யூஸ் போனால் எந்த வேலையால் போனது என்று தேடவே ஒரு நாள் ஆகும். அலாயை நீங்களே தேர்ந்தெடுத்து, டயர் ஏற்றுவதையும் பேலன்சிங்கையும் கடையில் விட்டுவிடுங்கள். அலாய், கேமரா, செட் பில்களைப் பத்திரமாக வைத்து, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதல் பொருட்களாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பாலிசியில் ஏற்றாத பொருளுக்குத் திருட்டிலோ விபத்திலோ பணம் வராது.