அலகும் ஸ்கேனும்

அன்புள்ள அக்கா,
எங்கள் மாமா பல வருடமாகத் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறார். ‘வலியே தெரியாது’ என்பார். பக்தி மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். காவடி எடுக்கும்போதே மாமாவை ஸ்கேன் செய்தால் உண்மை தெரிந்துவிடாதா? இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வேலைதானா?
- ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மண்டையைத் திறக்காமல் மூளையைக் குறுக்குவெட்டாகப் பார்க்கிறோமே, அந்த சிடி ஸ்கேனுக்கான கணக்கின் வேர் நம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக், 1956இல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாக வேலை பார்த்த இயற்பியலாளர். எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நிழலாய் விழுகிறது. உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று யோசித்தார். அலுமினிய உருளையைச் சுற்றி மரத்தைப் பொருத்திச் சோதித்தார். 1963, 64இல் கட்டுரைகள் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979இல், சிடி இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து நோபல் பரிசே கிடைத்தது. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, மாமாவுக்கு வருவோம். சிடி காட்டுவது ரத்தக்கசிவு, கட்டி போன்றவற்றை. நீங்கள் பார்த்த வண்ணப் படம், மூளை வேலை செய்வதைக் காந்தத்தால் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயாக இருக்கும். அந்த அறையின் காந்தம் எந்நேரமும் விழித்திருக்கும். எஃகுக் கொக்கியோடு வாசலைத் தாண்டவே விடமாட்டார்கள். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெட்டுவிடும். உறுமி சத்தத்துக்கு ஆடுகிறவரை அசையாமல் குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டால், அப்புறம் அது காவடியா?

இன்னொன்று: அந்தச் சிவப்பும் மஞ்சளும் எண்ணத்தின் நிறமல்ல. வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடுகிறது; அந்த ஆக்சிஜன் மாற்றத்தைக் கணக்கிட்டுக் கணினி பூசிய நிறம். அது உச்சத்துக்கு வரவே ஐந்தாறு வினாடி ஆகும். ஒரு சின்னப் புள்ளிக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கும். அதைக் காட்டி ‘இதுதான் பக்தி’ என்பதை என்னால் ஏற்க முடியாது.

வேகம் வேண்டுமென்றால், தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி. 1924இல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தது. என் மகளுக்கு அதை எடுத்தபோது, தலையில் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். பழக்கதோஷத்தில் பாட்டி காலையிலேயே தேய்த்து, பின்னி, பூவும் வைத்துவிட்டார். மருத்துவமனைத் தொட்டியில் ஷாம்பூ போட்டு அலசி, பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மகள் பல்லைக் கடித்ததும் திரையில் கோடுகள் தாறுமாறாக எகிறின. அது மூளையல்ல, தாடைத் தசை. கன்னத்தில் அலகு ஏறிய முகத்தில் எவ்வளவு எகிறும்!

வலியை அளக்கும் மீட்டர் இன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கையில் சூடு வைத்து ஸ்கேன் எடுக்கும்போதும், ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?’ என்று படுத்திருப்பவரிடம்தான் கேட்கிறார்கள். அவர் சொல்லை வைத்துத்தான் படத்துக்குப் பொருள் சொல்ல முடியும். அதனால் உங்கள் மாமாவின் வார்த்தையை ஸ்கேன் வந்து சரிபார்க்கும் என்று காத்திருக்காதீர்கள். வரும் தைப்பூசத்தன்று அலகு இறக்கியதும் பக்கத்தில் உட்காருங்கள். முதல் குத்து தெரிந்ததா, எப்போது மறைந்தது, எப்போது வலி திரும்பியது என்று கேட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா, டர்பன்